ஓட்டைக்குள் தெரிந்த நீலம்

அந்தப் போட்டோவில் கண்ணம்மாளுக்குப் பத்து விரலும் இருந்தன.

தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, புருவம் வரைக்கும் வெள்ளை மண் தூசி படிந்து, மண் பிசையும் மிஷினுக்குப் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். வலது கையை மிஷினின் தோளில் போட்டிருந்தாள். மிஷினுக்குச் சந்தனப் பொட்டு, சாமந்தி மாலை. அதன் வாய்க்கு மேலே, யார் பார்த்தாலும் கண்ணில் படும்படி, மஞ்சள் பெயிண்ட் அடித்த கம்பி வலை ஒன்று மூடியிருந்தது.

"பாத்துக்குங்க மேடம்" என்று வக்கீல் நடராசன் போட்டோவை மேசை மேல் தள்ளினார். "கம்பெனியில பாதுகாப்பு வலை இருந்திருக்கு. இந்தம்மா சீக்கிரம் வேலைய முடிச்சிட்டு பஸ்ஸப் புடிக்கணும்னு தானே கழட்டிப் போட்டுட்டு கைய வுட்டுட்டாங்க. அதுக்கு எங்க கட்சிக்காரர் எப்படிப் பொறுப்பாவாரு?"

கடலூர் தொழிலாளர் ஆபீசில் நஷ்டஈட்டு விசாரணைக்கு அன்று நல்ல கூட்டம். அதிகாரி அம்மாளுக்கு ஐம்பது வயது இருக்கும். கண்ணாடியை இறக்கிவிட்டு கண்ணம்மாளைப் பார்த்தார்.

"என்னம்மா சொல்றீங்க? இது நீங்கதானா?"

"நாந்தாங்க. போன ஆயுத பூசைக்கி எடுத்தாங்க. சீல கூட எங்கூட்டு சீலதாங்க." கண்ணம்மாள் வலது கையை முந்தானைக்குள் வைத்திருந்தாள். "ஆனா வல இல்லீங்க."

"போட்டோவுல இருக்கே."

"இருக்குதுங்க." போட்டோவை இடது கையால் கிட்டே இழுத்துக்கொண்டாள். "எப்பிடின்னு தெரியலீங்க."

மூன்று வாரம் கழித்து வரச் சொல்லி அனுப்பினார்கள். போட்டோவின் கலர் நகல் ஒன்றை மகள் பிரபாவின் கையில் கொடுத்தார்கள். நெய்வேலி தாண்டி பஸ் விருத்தாசலம் வந்து சேரும்வரைக்கும் பிரபா அதை மடியில் வைத்துக்கொண்டே வந்தாள். பக்கத்தில் அம்மா கண்ணை மூடியிருந்தாள், ஆனால் தூங்கவில்லை.

பிரபாவுக்குப் பத்தொன்பது வயது. விருத்தாசலத்தில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம், இரண்டாம் வருஷம். வீடு கருவேப்பிலங்குறிச்சியில். அப்பா ஆதிநாராயணன் ஒண்ணேகால் காணி குத்தகைக்குப் பிடித்து கரும்பு போட்டிருந்தார். மாசி வந்தால் பெண்ணாடம் ஆலைக்கு வெட்டணும். அம்மா பன்னிரண்டு வருஷமாக விருத்தாசலம் தொழிற்பேட்டை எஸ்டேட்டில் ஒரு செராமிக் கம்பெனிக்குப் போனவள். காலையில் ஏழே கால் பஸ்ஸுக்குக் கறுப்பாகப் போய், சாயங்காலம் ஆறரை பஸ்ஸுக்கு வெள்ளையாக வருவாள். ஃபியூஸ் கட்டை, பொம்மை, ஊதுபத்தி ஸ்டாண்டு என்று என்ன செய்தாலும் முதலில் மண்ணைப் பிசைந்தாக வேண்டும். மண்கட்டியை மிஷினின் வாயில் போட்டால் உள்ளே திருகு போலச் சுற்றும் இரும்பு இதழ்கள் அதை இழுத்து, பிசைந்து, மறுபக்கம் தள்ளும்.

கார்த்திகை மாதம் மூன்று நாள் விடாமல் பெய்த மழையில் கொட்டகைக்குள்ளேயே மண் நமத்துப்போய்விட்டது. நமத்த மண் தானாக இறங்காது. வாயிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். கையால்தான் தள்ளிவிட வேண்டும். தினமும் செய்கிற வேலைதான், அன்றைக்கும் தள்ளினாள். மண்ணோடு சேர்த்துக் கையையும் இழுத்துக்கொண்டது மிஷின். சுவிட்சு கொட்டகையின் அந்தக் கோடியில், அச்சு அடுக்கி வைத்த பலகைகளுக்குப் பின்னால் இருந்தது. கூட வேலை செய்யும் வளர்மதி பலகையெல்லாம் தள்ளிவிட்டு ஓடிப்போய் நிறுத்துவதற்குள் மூன்று விரல் போய்விட்டது. கட்டை விரலும் சுண்டு விரலும்தான் மிச்சம்.

கடலூரிலிருந்து திரும்பிய அன்று பொழுது சாய, கண்ணம்மாள் வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். காம்பைக் கால் கட்டை விரலில் இடுக்கிக்கொண்டு இடது கையால் உருவினாள். யாராவது வேலையை வாங்கிச் செய்ய வந்தால் விடமாட்டாள். பிரபா கேழ்வரகு மாவைக் கரைத்துக்கொண்டே வெகுநேரம் யோசித்துவிட்டுக் கேட்டாள்.

"ஏம்மா, கோச்சிக்காத. நெஜமாவே வல இல்லியா?"

கண்ணம்மாளின் கை நின்றது.

"நீயுமாடி கேக்குற?"

"இல்லம்மா, போட்டோவுல..."

"போட்டோவுல இருந்தா?"

பிரபா தலையைக் குனிந்துகொண்டாள். அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. அம்மா திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கண்ணம்மாள் கீரையைப் பார்த்துக்கொண்டே மெல்லச் சொன்னாள்.

"எனக்கே சந்தேகமாதான் இருக்குது. பன்னண்டு வருசம் நின்ன எடம். கண்ண மூடுனா அந்த மிஷினு வாயிதான் தெரியுது, ஓ-ன்னு தொறந்துகிட்டு. ஆனா போட்டோவ பாத்ததுலேருந்து, வல இருந்துச்சோ, நாந்தான் கழட்டிப் போட்டனோன்னு ஓடுது. மாத்தர தின்னு தின்னு மண்டையில ஒன்னும் தங்கலியோ என்னமோ."

விரலை எடுத்துக்கொண்டவர்கள் இப்போது அம்மாவின் நினைப்பையும் எடுத்துக்கொள்ளப் பார்க்கிறார்கள், அதற்குத் தானும் கூட நின்றுவிட்டோமே என்று பிரபாவுக்குத் தோன்றியது.

வியாழக்கிழமை மத்தியானம் போட்டோ எடிட்டிங் வகுப்பு. லேபில் முப்பது கம்ப்யூட்டர், அதில் ஓடுவது பதினொன்று. ஒரு கம்ப்யூட்டருக்கு மூன்று பேர். ராஜஸ்ரீ மேடம் ஒரு மூங்கில் கூடைப் படத்தைக் கொடுத்து, கூடையை மட்டும் வெட்டியெடுத்துச் சந்தைப் படத்தில் வைக்கச் சொல்லியிருந்தார். பிரபாவுக்கு மவுஸ் நன்றாக ஓடும். கூடையின் விளிம்பைச் சுற்றி நிதானமாக வெட்டி, சந்தையில் தக்காளிக்காரிக்குப் பக்கத்தில் வைத்து, முதல் ஆளாகக் கையைத் தூக்கினாள்.

மேடம் வந்து குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "வெளிப்பக்கம் அழகா வெட்டியிருக்க. உள்ள?"

"உள்ள என்ன மேடம்?"

"கூடையில ஓட்டை இருக்கில்ல? ஓட்டை வழியா சந்தைதானே தெரியணும். உன் கூடையில பழைய வெள்ளைச் சுவரு தெரியுது பாரு. ஒவ்வொரு ஓட்டையையும் தனித்தனியா வெட்டணும். நெறைய பேரு சோம்பப்பட்டுக்கிட்டு வுட்டுருவாங்க. மாட்டுறது அங்கதான்."

பிரபா திரையைப் பார்த்தாள். பிறகு சட்டென்று குனிந்து பையிலிருந்து அந்தப் போட்டோவை எடுத்தாள். மஞ்சள் வலையைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள். வலையின் ஒவ்வொரு கண்ணுக்குள்ளும் இளநீலம். வெளிர் நீலம், ஸ்கூல் சட்டை நிறம். வலைக்குப் பின்னால் இருப்பது பூசாத செங்கல் சுவர், வலைக்குக் கீழே வெள்ளை மண். அந்தக் கொட்டகையில் நீலம் எங்கேயும் கிடையாது. பொம்மைகூட அங்கே வெள்ளையாகத்தான் கிடக்கும், வர்ணம் அடிப்பது வேறு இடம். அம்மாவின் நிழலும் மிஷினின் நிழலும் இடது பக்கம் சாய்ந்து விழுந்திருந்தன. வலைக்கு மட்டும் நிழலே இல்லை.

"மேடம்" என்றாள். படத்தை நீட்டினாள்.

ராஜஸ்ரீ மேடம் ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார். "ஏதோ மிஷின் கேட்லாக்ல இருந்து வெட்டி ஒட்டியிருக்காங்க. ஓட்டையை வெட்டவே இல்ல. என்கிட்ட குடுத்திருந்தா ஃபெயில் போட்டிருப்பேன். யாரு இது?"

"எங்கம்மா."

மேடம் அதற்கப்புறம் சிரிக்கவில்லை. முழுக்கதையையும் கேட்டார்.

"நீங்க வந்து ஆபீசுல சொல்றீங்களா மேடம்?"

அவர் வெளியே பார்த்தார். "நான் கெஸ்ட் லெக்சரர் பிரபா. வருஷா வருஷம் ஆர்டர் வந்தாதான் எனக்கு வேலை. இதுல வந்து நின்னா அடுத்த வருஷம் வருமான்னு தெரியாது. என்னைத் தப்பா நெனைச்சிக்காத." போட்டோவைத் திருப்பிக் கொடுத்து, "எனக்குத் தெரிஞ்சதுதான் உனக்கும் தெரியும். நீயே சொல்லு" என்றார்.

பிரபாவுக்கு அவர் மேல் கோபம் வந்தது. ஆனால் பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது அதை நினைக்கவில்லை. பஸ்ஸைவிட்டு இறங்கி ஓடினாள்.

"அம்மா! வல இல்லம்மா! நீ கழட்டல! இருந்தாத்தான கழட்டுறதுக்கு!"

கண்ணம்மாள் போட்டோவை வாங்கிப் பார்த்தாள். மகள் விரல் வைத்துக் காட்டிய இடத்தையெல்லாம் பார்த்தாள். அப்புறம் கீழே வைத்துவிட்டு, விபத்துக்குப் பிறகு முதல்முறையாக, வாய்விட்டு அழுதாள். ஆதிநாராயணன் என்னவோ ஏதோ என்று கொல்லையிலிருந்து ஓடிவந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டு வாசலில் கார் வந்து நின்றது. கம்பெனி முதலாளி கலியமூர்த்தி தானே வந்திருந்தார். ஒரு பை நிறைய ஆப்பிள், ஒரு சத்துமாவு டப்பா. ஆதிநாராயணன் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, நாற்காலியைத் தூக்கிவந்து போட்டார்.

"கண்ணம்மா எங்கூட்டு ஆளு மாதிரி" என்றார் முதலாளி. "ஏதோ கெட்ட நேரம். ஆபீசு, வக்கீலுன்னு அலையறது உங்களுக்கும் கஷ்டம், எனக்கும் கஷ்டம். கவனக்கொறவா கைய வுட்டுட்டன்னு ஒரு கையெழுத்து. மத்தத நான் பாத்துக்கறன். பாப்பா என்னா படிக்குது, ஆதி?"

"கம்ப்யூட்டருங்க."

"பாத்தியா! எங்க ஆபீசுல கம்ப்யூட்டருக்கு ஆள் இல்லாம அல்லாடுறன். பொம்மையெல்லாம் போட்டோ புடிச்சி, பின்னாடி கலர மாத்தி, ஆன்லைன்ல போடணும். நாளைக்கே வந்து ஒக்காரட்டும். ஃபேனுக்கு அடியில வேல."

ஆதிநாராயணனின் முகம் மலர்ந்துவிட்டது. மகளைப் பார்த்தார். பிரபா நிலைப்படியில் நின்றிருந்தாள்.

"இப்ப யாரு சார் அந்த வேலைய செய்யிறாங்க?"

"கடத்தெருவுல ஒரு ஸ்டூடியோவுல குடுக்கறன் பாப்பா."

"அங்க குடுக்காதீங்க சார். ஓட்டைய சரியா வெட்ட மாட்டேங்கறாங்க."

முதலாளிக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றுபோனது. எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "புள்ளைய நல்லா வளத்திருக்க ஆதி" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

"ஆப்பிள எடுத்துக்கிட்டுப் போவச் சொல்லுடி" என்று உள்ளேயிருந்து கண்ணம்மாளின் குரல் வந்தது. பிரபா ஓடிப்போய் பையைக் கார் ஜன்னலுக்குள் வைத்துவிட்டு வந்தாள்.

ஆதிநாராயணன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "வூடு தேடி வந்த மனுசன. ஒரு வேலையும் குடுக்கறன்னாரு. ஒத்துக்கிட்டா என்னா கெட்டுப்போச்சி? கையி இனிமே மொளைக்கவா போவுது?"

"மொளைக்காது" என்று கண்ணம்மாள் வெளியே வந்தாள். "கையி போனது போனதுதான். ஆனா நாந்தான் கழட்டுனன்னு எழுதிக் குடுத்துட்டு, அதே கையால நான் சோறு திங்கணுமா? நாளைக்கி இன்னொருத்தி அந்த மிஷினுகிட்ட நிப்பா. அவளுக்கும் ஒரு போட்டோ வச்சிருப்பாங்க."

"நமக்கு சாட்சி யாரு இருக்கா, சொல்லு?"

வளர்மதி ஒருத்திதான் பார்த்தவள், அவளுக்கும் அதே முதலாளிதான் கூலி கொடுக்கிறார்.

மறுநாள் சாயங்காலம் விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் பிரபா வளர்மதியைப் பிடித்தாள். காது மடல் வரைக்கும் மண் தூசி. டீ வாங்கிக் கொடுத்தாள். வளர்மதி டம்ளரைப் பிடித்துக்கொண்டு குடிக்காமல் நின்றாள்.

"அத்த, ஒரே ஒரு வார்த்த. வல இல்லன்னு மட்டும் சொல்லுங்க."

"என்னா பேச்சி பேசற பிரபா? ஒங்கம்மாவுக்கு புருசன் இருக்காரு, கரும்பு இருக்குது. எனக்கு என்னா இருக்குது? ரெண்டு பொட்டப் புள்ளைவோ. இவன் வெரட்டிவுட்டா எஸ்டேட்டுல வேற எவனும் சேக்க மாட்டான். அவனுங்களுக்குள்ள ஒரு போனு போதும்."

"பாத்தது நீங்கதான அத்த."

"பாத்தன்." வளர்மதியின் கண் நிறைந்தது. "தெனைக்கும்தான் பாக்குறன். இன்னமும் அக்கா கத்துனது காதுலயே இருக்குது. ஆனா என்ன இழுக்காத தாயி, கும்புட்டுக் கேட்டுக்கறன்." டீயைக் கடைப் பலகையில் வைத்துவிட்டு நல்லூர் பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

இரண்டாம் விசாரணைக்குப் பிரபா பேசுகிறாள் என்றதும் வக்கீல் நடராசன் எதிர்த்தார். "மேடம், இது காலேஜ் பொண்ணு. நிபுணர் கெடையாது."

"அவங்க அம்மாவுக்காகப் பேசட்டும், கேப்போம்" என்றார் அதிகாரி.

பிரபா நீலத்தைக் காட்டினாள். நிழலைக் காட்டினாள். அதிகாரி பூதக்கண்ணாடி கேட்டு வாங்கிப் பார்த்தார். நடராசன் அசரவில்லை. மேசை மேல் கையை ஊன்றிக்கொண்டு, "பிரிண்டு போடறப்ப நெறம் மாறும் மேடம். வெயிலு, லைட்டு, ஆயிரம் காரணம் இருக்கும். ஒரு போட்டோவுல இல்லாத பொருளை இருக்கற மாதிரி கொண்டாந்து வைக்கிறது அவ்வளவு லேசா?" என்றார்.

"சார், கைய அப்பிடியே வச்சிருங்க" என்றாள் பிரபா. தன் போனை எடுத்து மேசை மேலிருந்த அவர் கையைப் படம் எடுத்தாள். கண்ணாடி விரிசல் விட்ட போன் அது. மேசையில் கிடந்த போட்டோவையும் ஒரு படம் எடுத்துக்கொண்டு, தலை குனிந்து திரையில் விரலை ஓட்டினாள். பத்து நிமிஷம் ஆனதா, குறைவா என்று அவளுக்கே தெரியாது. நெற்றியில் வேர்வை வழிந்து திரையில் விழுந்தபோது துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள். முடித்ததும் போனை அதிகாரியின் முன்னால் வைத்தாள்.

திரையில் வக்கீலின் கை இருந்தது, கல் மோதிரத்தோடு. அதன்மேல் மஞ்சள் கம்பி வலை கச்சிதமாக மூடியிருந்தது. ஒவ்வொரு கண் வழியாகவும் அவர் விரல் தெரிந்தது. மேசைமேல் வலையின் நிழல்கூட விழுந்திருந்தது.

"அதே வலதான் மேடம். அவங்க போட்டோவுல இருந்து வெட்டுனேன். ஓட்டையையும் வெட்டிட்டேன்" என்றாள். "இப்ப சார் கை பத்திரமா இருக்குது. எங்கம்மா கையிக்கும் இந்த மாதிரிதான் பத்திரம் பண்ணியிருக்காங்க."

வரிசையில் காத்திருந்த யாரோ கை தட்டினார்கள். நடராசன் மேசையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். கலியமூர்த்தி அவர் காதில் எதையோ சொன்னார்.

"தெளிவா தெரியணும்னு ஸ்டூடியோவுல டச்சப் பண்ணியிருக்கலாம் மேடம்" என்றார் வக்கீல், குரலைத் தாழ்த்திக்கொண்டு. "அதுக்காக வலையே இல்லைன்னு ஆயிடாது. கொட்டகையில இப்பவும் வலை இருக்கு. யார் வேணா வந்து பாக்கலாம்."

"பாக்கறேன்" என்று அதிகாரி பேனாவை மூடினார். "வெள்ளிக்கிழமை நானே வரேன்."

அன்று வீட்டுக்கு வரும்போது கண்ணம்மாள் பஸ்ஸில் பலாச்சுளை வாங்கி மகளுக்குக் கொடுத்தாள். ஆனால் இருவருக்குமே தெரியும், வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது.

தெரிந்த மாதிரியேதான் இருந்தது. வெள்ளிக்கிழமை காலை கொட்டகைக்குள் நுழைந்தபோது, மிஷினின் வாய்க்கு மேல் மஞ்சள் வலை மாட்டியிருந்தது. நாலு மூலையிலும் போல்ட்டு. கலியமூர்த்தி வெள்ளை வேட்டியில் நின்று வரவேற்றார். பதினாலு பெண்கள் சுவர் ஓரமாக வரிசையில் நின்றார்கள். எல்லாருக்கும் தலையில் துண்டு, முகத்தில் மண். யாரும் கண்ணம்மாளைப் பார்க்கவில்லை. பன்னிரண்டு வருஷம் குழம்பை மாற்றி மாற்றி ஊற்றிச் சாப்பிட்டவர்கள்.

அதிகாரி வலையைப் பார்த்தார். "இது எப்ப மாட்டினது?"

முதலாளி தொண்டையைக் கனைத்தார்.

"எப்பவும் இருக்குதுங்க" என்றாள் முன்னால் நின்ற பெண். தலை நிமிராமல் சொன்னாள்.

பிரபா படித்த பாடமெல்லாம் போட்டோவுக்குத்தான். இது நிஜ வலை, நிஜ போல்ட்டு, கீழே நிஜ நிழல். இதை என்ன சொல்லி இல்லையென்பது? திரும்பி அம்மாவைப் பார்த்தாள். கண்ணம்மாள் முந்தானைக்குள்ளிருந்து வலது கையை வெளியே எடுத்தாள். யாரையும் கூப்பிடவில்லை. அந்தக் கையை மிஷினின் தோளில் வைத்துக்கொண்டு, எதிரில் நின்ற பதினாலு பேரையும் ஒவ்வொருத்தராகப் பார்த்தாள்.

வரிசையின் கடைசியிலிருந்து வளர்மதி நடந்து வந்தாள். அச்சு துடைக்கும் ஸ்பாஞ்சைப் பலகைமேல் போட்டுவிட்டு வந்தாள். முதலாளி "ஏய்" என்றார். அவள் நிற்கவில்லை. நேரே மிஷினுக்கு முன்னால் வந்து, உள்ளங்கையை வலைமேல் அழுத்தி வைத்தாள். பிறகு கையைத் திருப்பி அதிகாரியிடம் காட்டினாள். மண் பூத்த வெள்ளைக் கையில் மஞ்சள் கோடு கோடாக ஒட்டியிருந்தது.

"நேத்து பொழுது போவ மாட்டுனாங்க மேடம். பெயிண்டு கூட காயல" என்றாள். "அன்னிக்கி வல இல்ல. எங்கக்கா எதையும் கழட்டல. சுவிட்ச அணைச்சது நாந்தான். மூணு வெரலையும் மண்ணுலேருந்து பொறுக்குனதும் நாந்தான். எங்க வேணாலும் வந்து சொல்றன்."

அதிகாரி நின்றபடியே எழுதிக் கையெழுத்து வாங்கினார். வளர்மதி பிடித்த இடத்தில் காகித ஓரம் மஞ்சளாயிற்று.

அவர் வண்டி கிளம்பிப் போனதும் கலியமூர்த்தி கேட்டருகே வந்து, "நாளையிலேருந்து நீ வரத் தேவையில்ல" என்றார் வளர்மதியிடம். அவள் டிபன் பாக்சை எடுத்துக்கொண்டு, கண்ணம்மாளோடு வெளியே வந்தாள். தெருவில் கொஞ்ச தூரம் நடந்த பிறகுதான் அழுகை வந்தது.

"அக்கா, புள்ளைவோளுக்கு நான் என்னா சொல்லுவன்?"

"உள்ளதைச் சொல்லு" என்றாள் கண்ணம்மாள். "நாளைக்கி எட்டு மணிக்கு வந்துரு."

"எங்க?"

"இங்கதான். இந்தக் கேட்டுக்கு. நானும் வரன். ரெண்டு பேரும் நிப்பம்."

"நின்னு என்னா செய்யிறது?"

"நிக்கிறதுதான். உன்ன வேலைக்கி எடுக்குற வரைக்கும் நிப்பம். உள்ள போறவ, வரவ, லாரிக்காரன், எல்லாரும் பாக்கட்டும்."

"நானும் வரேன்" என்றாள் பிரபா.

"நீ காலேஜுக்குப் போவணும். படிப்ப பாரு."

தீர்ப்பு பங்குனிக் கடைசியில்தான் வந்தது. கண்ணம்மாள் பக்கமே வந்தது. போட்டோவைப் பற்றி அதில் தனியாக ஒரு பாரா எழுதியிருந்தார்கள். ஆதிநாராயணன் அதைத் தெருவில் எல்லாரிடமும் வாசிக்கக் கொடுத்தார்.

ஆனால் அதற்கு வெகு முன்பே, கேட்டில் நின்ற முதல் நாள் சனிக்கிழமை காலையிலேயே பிரபாவுக்கு முடிவு பாதி தெரிந்துவிட்டது. அம்மா சொன்னதைக் கேட்காமல், காலேஜுக்குப் போகிற வழியில் இறங்கி எஸ்டேட்டு முனையில் நின்று பார்த்தாள். மணி எட்டேகால். சங்கு ஊதியாகிவிட்டது. கேட்டுக்கு வெளியே அம்மாவும் வளர்மதி அத்தையும் நின்றார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் நாலு பேர், அப்புறம் இரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள். கடைசியாக, "எப்பவும் இருக்குதுங்க" என்று சொன்ன அந்தப் பெண் வந்தாள். திறந்திருந்த கேட்டையும் பார்த்தாள், கண்ணம்மாளையும் பார்த்தாள். டிபன் பாக்சை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கண்ணம்மாளின் வலது பக்கத்தில் போய் நின்றாள். கண்ணம்மாள் ஒரு அடி நகர்ந்து அவளுக்கு இடம் விட்டாள்.

உள்ளே மிஷின் ஓடும் சத்தம் கேட்கவில்லை.